எக்ஸ்ரே 'நார்மல்', ஆனாலும் மூச்சு இரைக்கிறதா? பெரிய மூச்சுக்குழாய் நோய்களை ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூச்சோடு சேர்ந்து 'கீச்' என்று ஒரு சத்தம். ஆஸ்துமா என்று சொல்லி டாக்டர் இன்ஹேலர் எழுதித் தருகிறார். மூன்று மாதம் ஆகியும் பெரிய மாற்றம் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வருகிறது.

இப்படி வருபவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே ஆஸ்துமாதான் இருக்கும். மருந்தை இழுக்கும் முறை சரியில்லாமல் இருக்கலாம், அளவு போதாமல் இருக்கலாம். ஆனால் ஒரு சிறு பங்கினருக்குப் பிரச்னை நுரையீரலுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் இல்லை. தொண்டைக்குக் கீழே தொடங்கும் பெரிய குழாயில் இருக்கிறது. அங்கே தழும்போ கட்டியோ வழியை அடைத்துக்கொண்டிருந்தால், எத்தனை இன்ஹேலர் மாற்றினாலும் அந்த அடைப்பு விலகாது.

இந்த நோய்களைக் கண்டுபிடிப்பதில் ஸ்கேனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் அதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்கேன் எந்திரம் தானாக எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. என்ன சந்தேகத்தில் படம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எங்கிருந்து எடுப்பது, எப்படி எடுப்பது என்பதே முடிவாகிறது. அந்தச் சந்தேகத்தை எழுதாமல் அனுப்பினால், இருக்கும் நோய்கூட ரிப்போர்ட்டில் வராமல் போகலாம்.

பெரிய மூச்சுக்குழாய் என்றால் எது?

குரல்வளைக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கும் குழாயை டிரக்கியா என்கிறார்கள். பெரியவர்களுக்கு இதன் நீளம் சுமார் 10 முதல் 12 செ.மீ. நெஞ்செலும்பின் மேல்பகுதிக்குப் பின்னால் இது இரண்டாகப் பிரிகிறது. வலது, இடது நுரையீரலுக்குப் போகும் அந்த இரண்டும் முதன்மை பிராங்கஸ்கள். இவையும், இவற்றிலிருந்து நுரையீரலின் ஒவ்வொரு மடலுக்கும் பிரிந்து செல்லும் குழாய்களும் சேர்ந்ததுதான் பெரிய மூச்சுக்குழாய்கள்.

டிரக்கியாவின் அமைப்பு கொஞ்சம் வித்தியாசமானது. முன்பக்கமும் இரு பக்கவாட்டும் குதிரை லாடம் போன்ற குருத்தெலும்பு வளையங்கள், ஒன்றின்கீழ் ஒன்றாக 16 முதல் 20 வரை. பின்பக்கம் மட்டும் குருத்தெலும்பு கிடையாது. அங்கே இருப்பது மெல்லிய சவ்வும் தசையும்தான். அதற்குப் பின்னால் உணவுக்குழாய் போகிறது. இந்தப் பின்சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனைப் பார்த்து நோயைப் பிரித்தறிய ரேடியாலஜிஸ்டுக்கு உதவும் முக்கியமான தடயம் அது.

சுருங்கினாலும் ஏன் உடனே தெரிவதில்லை?

இதை ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிரக்கியாவின் குறுக்களவு ஆண்களுக்கு 13 முதல் 25 மி.மீ., பெண்களுக்கு 10 முதல் 21 மி.மீ. வரை இருக்கலாம். 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

பொதுவாக இந்த விட்டம் சுமார் 8 மி.மீ.க்குக் கீழே போகும்போதுதான் நடந்தால், ஓடினால் மூச்சு வாங்கத் தொடங்கும். சுமார் 5 மி.மீ.க்குக் கீழே போனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறும், சத்தம் கேட்கும். 18 மி.மீ. குழாய் 8 மி.மீ. ஆனால், காற்று போகும் பரப்பில் 80% ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். 5 மி.மீ. ஆனால் மிச்சம் இருப்பது 8 சதவீதத்துக்கும் குறைவு.

சீரான ஓட்டத்தில், குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை. 16 மடங்கு ஆகிறது. அதனால்தான் இந்த நோய்கள் நீண்ட காலம் சத்தம் போடாமல் இருந்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் வேகமாக மோசமாவதுபோலத் தெரிகின்றன. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்று குடும்பத்தார் சொல்வது பொய்யல்ல. போன மாதமும் குழாய் சுருங்கித்தான் இருந்திருக்கும். உடம்பு சமாளித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதில் மைசூர் ஏன் வருகிறது?

பயிற்சிக்காகவோ வேலைக்காகவோ மைசூர் போயிருந்தால், கே.ஆர்.எஸ். சாலையில் ஒரு பழைய மருத்துவமனையைக் கடந்து போயிருப்பீர்கள். காசநோயால் இறந்த மைசூர் இளவரசி கிருஷ்ணஜம்மண்ணியின் நினைவாக 1921ல் தொடங்கப்பட்ட காசநோய் சானடோரியம் அது. அரச குடும்பத்தையே விட்டுவைக்காத அந்த நோய் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2023ல் உலகெங்கும் காசநோய்க்கு ஆளானவர்களில் 26% பேர் இந்தியர்கள்.

காசநோய் என்றால் நுரையீரலில் ஓட்டை விழும் நோய் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அது மூச்சுக்குழாயின் உட்சுவரையும் தாக்கும். நுரையீரல் காசநோய் உள்ளவர்களில் 10 முதல் 40% பேர் வரை இப்படிப் பாதிக்கப்படுவதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இளம்பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. மருந்து சாப்பிட்டுக் கிருமி ஒழிந்த பிறகும், ஆறிய புண் தழும்பாகி குழாயைச் சுருக்கிவிடலாம். இடது முதன்மை பிராங்கஸ் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. நோய் குணமானது என்று சான்று வாங்கி, சில மாதங்கள் கழித்து 'வீசிங்' என்று வருபவருக்குப் புதிதாக ஆஸ்துமா வந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தத் தழும்பையும் யோசிக்க வேண்டும்.

மைசூரைப் பற்றிப் பேச இரண்டாவது காரணம் அடுப்புப் புகை. மைசூர் மாவட்டக் கிராமப்புறப் பெண்களிடம் ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2013ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் வெளியானது. அதில் பயன்படுத்திய கணக்கு எளிமையானது. ஒரு நாளில் சராசரியாக எத்தனை மணி நேரம் விறகு, வறட்டி போன்றவற்றில் சமைக்கிறார், எத்தனை ஆண்டுகளாகச் சமைக்கிறார் என்ற இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். அந்தக் குறியீடு 60ஐத் தொடும்போது நாள்பட்ட பிராங்கைட்டிஸ் வரும் அபாயம் குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது என்பது ஆய்வின் முடிவு.

உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ போட்டுப் பாருங்கள். நாளுக்கு 3 மணி நேரம், 20 ஆண்டுகள்: 60 வந்துவிட்டது. இது தனி ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்லும் சோதனை அல்ல. ஒரு மக்கள் கூட்டத்தின் அபாயத்தைச் சொல்லும் அளவுகோல். ஆனால் சிகரெட்டைத் தொட்டே பார்க்காத ஒருவரின் மூச்சுக்குழாய் எப்படிக் கெட்டது என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2019-21ல்கூட இந்தியாவில் 58.6% குடும்பங்களே சமையலுக்குச் சுத்தமான எரிபொருளைப் பயன்படுத்தின.

விறகுப் புகையும் காசநோயும் சந்திக்கும் இடத்தில் ஒரு நோய் இருக்கிறது. ஆந்த்ரகோஃபைப்ரோசிஸ் என்று பெயர். கொரிய மருத்துவர்கள் 1998ல் இந்தப் பெயரில் விவரித்தார்கள். பிராங்கஸின் உட்சுவரில் கரிப்புகை படிந்து, சுற்றிலும் தழும்பு கட்டி, குழாய் ஆங்காங்கே சுருங்கிவிடும். பெரும்பாலும் பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த வயதான பெண்களுக்கு வருகிறது. காசநோய் வந்து போனதோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. வலது நுரையீரலின் நடு மடலுக்குப் போகும் குழாய் அதிகம் பாதிக்கப்படும். சி.டி.யில் பார்த்தால் முதலில் புற்றுநோய் என்றே சந்தேகம் வரும். அடுப்புப் புகையைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் அந்தச் சந்தேகமே ரிப்போர்ட்டில் நிற்கும். குடும்பம் தூக்கத்தைத் தொலைக்கும்.

மூன்றாவது, பாக்கு. மைசூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதோடு சேரும் பாக்குத்துண்டு, மெல்லும்போது சிரித்தாலோ, வாயில் அடக்கிக்கொண்டே தூங்கிப்போனாலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். வலது பிராங்கஸ் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கே போய் உட்காரும். புரை ஏறியது நின்றதும் ஆளே மறந்துவிடுவார். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருமலும் திரும்பத் திரும்ப வரும் நிமோனியாவும்தான் மிச்சம்.

சரி, எக்ஸ்ரே எடுத்தா போதாதா?

முதல் படி எக்ஸ்ரேதான். மலிவு, வேகம், கதிர்வீச்சு மிகக் குறைவு. டிரக்கியா ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா, ஒரு மடல் காற்றில்லாமல் சுருங்கிவிட்டதா, கழுத்தில் தைராய்டு வீங்கி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியலாம்.

ஆனால் எக்ஸ்ரே என்பது முப்பரிமாண உடலைத் தட்டையாக்கிய நிழல். நெஞ்செலும்பு, முதுகெலும்பு, இதயம், ரத்தக்குழாய்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நடுவில் மங்கலான ஒரு பட்டையாகத்தான் டிரக்கியா தெரியும். பார்ப்பவரின் கண்ணும் இயல்பாக நுரையீரல் பக்கம்தான் போகும். அதனால் ரேடியாலஜி மாணவர்களுக்கு டிரக்கியாவைத் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். பாக்கு போன்ற தாவரப் பொருள்கள் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. பல்செட்டுக்குப் பயன்படும் அக்ரிலிக்கும் அப்படித்தான். மூச்சுக்குழாய்க் காசநோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எக்ஸ்ரே முழுக்க நார்மலாகவே இருக்கும்.

எனவே 'எக்ஸ்ரே நார்மல்' என்றால், எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய கோளாறு எதுவும் தெரியவில்லை என்று மட்டுமே பொருள்.

ஸ்கேனுக்கு முன்பே துப்பு கொடுக்கும் இன்னொரு சோதனை ஸ்பைரோமெட்ரி. குழாயில் ஊதச் சொல்வார்களே, அதுதான். அதில் வரும் எண்களை எல்லாரும் பார்க்கிறார்கள். அதோடு ஒரு வளைவு வரைபடமும் வரும். மூச்சு விடும் வளைவும் இழுக்கும் வளைவும் மலைபோல ஏறி இறங்காமல் மேசைபோலத் தட்டையாக இருந்தால், பெரிய குழாயில் நிலையான அடைப்பு இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது மட்டும் தட்டையானால் பிரச்னை கழுத்துப் பகுதியில். விடும்போது மட்டும் என்றால் நெஞ்சுக்குள். ஆனால் இது லேசான சுருக்கத்தில் தெரியாது. குழாய் கணிசமாக அடைபட்ட பிறகுதான் வளைவு மாறும்.

சி.டி. ஸ்கேன் கூடுதலாக என்ன செய்கிறது?

சி.டி. ஸ்கேனை உருவாக்கியதற்காக காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் 1979ல் நோபல் பரிசு பெற்றார்கள். அன்றைய எந்திரங்கள் ஒவ்வொரு வெட்டுப்படமாக நின்று நின்று எடுத்தன. நோயாளி மூச்சு விட்டால் படம் கலையும். 1989ல் வந்த ஸ்பைரல் முறையும், 1998 வாக்கில் வந்த பல அடுக்கு எந்திரங்களும் நிலைமையை மாற்றின. இன்று ஒரே மூச்சுப் பிடிப்பில், சில நொடிகளில், கழுத்து முதல் நெஞ்சுக்கூட்டின் அடிவரை ஒரு மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய படங்களாக எடுத்துவிடலாம்.

மூச்சுக்குழாய்க்கு இந்த மெல்லிய படங்கள் மிக முக்கியம். 5 மி.மீ. தடிமனான படங்களில், குழாய்க்குள் குறுக்கே இருக்கும் மெல்லிய சவ்வு போன்ற சுருக்கம் இரண்டு படங்களுக்கு நடுவே மறைந்துவிடலாம். மெல்லிய படங்கள் இருந்தால் கம்ப்யூட்டரில் அவற்றை அடுக்கி, எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். டிரக்கியா மேலிருந்து கீழாகப் போகும் குழாய். குறுக்குவெட்டுப் படங்களை மட்டும் பார்த்தால் சுருக்கம் எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்பதைக் குறைத்து மதிப்பிட வாய்ப்பு அதிகம். நெடுக்குவெட்டுப் படத்தில் அது பளிச்சென்று தெரியும். வெட்டித் தைப்பதா, விரித்துவிடுவதா, ஸ்டென்ட் வைப்பதா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அந்த நீளமும், குரல் நாணிலிருந்து சுருக்கம் எத்தனை செ.மீ. கீழே தொடங்குகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இதே தரவிலிருந்து, குழாய்க்குள் கேமரா போவதுபோன்ற காட்சியையும் உருவாக்கலாம். இதற்கு விர்ச்சுவல் பிராங்கோஸ்கோப்பி என்று பெயர். உண்மையான கேமரா நுழைய முடியாத அளவு சுருங்கிய இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைக்கூட இதில் பார்க்க முடியும்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். வழக்கமான நெஞ்சு சி.டி. நுரையீரலின் உச்சியிலிருந்துதான் தொடங்கும். டிரக்கியாவின் மேல்பகுதி கழுத்தில் இருக்கிறது. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் குழாய் வைக்கப்பட்டவர்களுக்குச் சுருக்கம் வருவது பெரும்பாலும் குரல்வளைக்குக் கீழேயும் டிரக்கியாவின் மேல்பாதியிலும்தான். குழாயைப் பிடித்துவைக்கும் பலூனின் அழுத்தம் அதிகமானால் உட்சுவருக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகிறது. வீட்டுக்குப் போன சில வாரங்களில் அது தழும்பாகிச் சுருங்குகிறது. கோவிட் காலத்தில் நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் பலர் இதைச் சந்தித்தார்கள். 'வென்டிலேட்டரில் இருந்தவர்' என்ற தகவல் இல்லாமல் நெஞ்சு சி.டி. மட்டும் எடுத்தால், சுருக்கம் இருக்கும் இடம் படத்துக்கு வெளியே நின்றுவிடக்கூடும்.

மூச்சை விடும்போதும் ஏன் படம் எடுக்கிறார்கள்?

வழக்கமாக, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லித்தான் ஸ்கேன் எடுப்பார்கள். அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் இருக்கும் டிரக்கியா நன்றாக விரிந்திருக்கும். ஆனால் சிலருக்குக் குருத்தெலும்போ பின்சுவரோ தளர்ந்துபோய், மூச்சு விடும்போது குழாய் உள்பக்கமாக மடங்கிவிடும். இதற்கு டிரக்கியோமலேசியா என்று பெயர். இழுத்துப் பிடித்த படத்தில் இது தெரியவே தெரியாது. மூச்சை வேகமாக விடச் சொல்லி, விடும்போதே இன்னொரு முறை எடுத்தால்தான் தெரியும். அந்த நேரத்தில் குழாயின் வாய் பிறைபோல ஆகிவிடும்.

எவ்வளவு மடங்கினால் நோய்? நீண்ட காலமாக 50% என்பதை எல்லையாக வைத்திருந்தார்கள். 2009ல் 'ரேடியாலஜி' இதழில் வெளியான ஓர் ஆய்வு 51 ஆரோக்கியமானவர்களை வேகமாக மூச்சு விடச் சொல்லிப் படம் எடுத்தது. அவர்களில் 40 பேருக்கு, அதாவது 78% பேருக்கு, டிரக்கியா 50 சதவீதத்துக்கு மேல் மடங்கியது. யாருக்கும் எந்த நோயும் இல்லை. அதன் பிறகு பலரும் 70% அல்லது அதற்கும் மேலான எல்லையைக் கடைப்பிடிக்கத் தொடங்கினார்கள். இங்கேதான் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ரிப்போர்ட்டில் '60% கொலாப்ஸ்' என்று இருந்து, உங்களுக்கு இருமலோ மூச்சுத்திணறலோ எதுவும் இல்லை என்றால், அது நோயாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

சுவரைப் பார்த்து நோயை எப்படிச் சொல்கிறார்கள்?

ரேடியாலஜிஸ்ட் தனக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: பாதிப்பு ஒரே இடத்திலா, குழாய் நெடுகவுமா?

ஒரே இடத்தில் மணல்கடிகாரம்போலச் சுருங்கியிருந்தால் வென்டிலேட்டர் குழாய், காசநோய்த் தழும்பு போன்றவை நினைவுக்கு வரும். ஒரு பக்கச் சுவரிலிருந்து கட்டிபோல உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் புற்றுநோயையும் யோசிக்க வேண்டும். டிரக்கியாவில் தொடங்கும் புற்றுநோய் அரிது. அவற்றில் இரண்டு வகை அதிகம். ஸ்குவாமஸ் செல் வகை பெரும்பாலும் புகைபிடித்தவர்களுக்கு வருவது. அடினாய்டு சிஸ்டிக் வகைக்குப் புகையோடு தொடர்பில்லை. நாற்பதுகளில் இருப்பவர்களுக்குக்கூட வரும், மெதுவாக வளரும், ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமா என்ற பெயரில் மருந்து சாப்பிட வைக்கும்.

குழாய் நெடுகப் பாதிப்பு என்றால் அடுத்த கேள்வி பின்சுவரைப் பற்றியது. முன்னே சொன்ன தடயம் இதுதான். குருத்தெலும்பைத் தாக்கும் நோய் என்றால் குருத்தெலும்பே இல்லாத பின்சுவரை அது விட்டுவிடும்.

முன்பக்கமும் பக்கவாட்டும் தடித்து, பின்சுவர் மட்டும் மெல்லியதாகவே இருந்தால் ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸாக இருக்கலாம். காது மடலும் மூக்குத்தண்டும் திரும்பத் திரும்பச் சிவந்து வீங்கும் நோய் இது.

பின்சுவரைத் தவிர்த்து மற்ற இடங்களில் சுண்ணாம்பு முண்டுகள் வரிசையாகத் தெரிந்தால், பெரும்பாலும் தொல்லை தராத ஆஸ்டியோகாண்ட்ரோபிளாஸ்டிகா.

பின்சுவரும் சேர்ந்து சுற்றிலும் தடித்திருந்தால் அமிலாய்டோசிஸ், பாலிஆஞ்சைட்டிஸ், காசநோய் ஆகியவை பட்டியலில் வரும்.

பக்கவாட்டில் மட்டும் நசுங்கி வாள் உறைபோல ஒடுங்கியிருந்தால், நீண்ட நாள் சி.ஓ.பி.டி. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் புகைபிடித்த ஆண்களிடம் இது தெரியும்.

இதற்கு நேர்மாறாக, குழாய் அளவுக்கு மீறி விரிந்து 3 செ.மீ.யைத் தாண்டியிருந்தால் மௌனியர் - குன் என்ற அரிய நோய். சளி தேங்கித் தேங்கித் தொற்று வரும்.

ஸ்கேனால் முடியாதது எது?

சி.டி. சொல்வது வடிவத்தை. திசு என்ன என்பதை அது சொல்லாது. கட்டியின் வகை, காசநோய்க் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதற்கெல்லாம் சளிப் பரிசோதனையோ, பிராங்கோஸ்கோப்பி மூலம் எடுக்கும் திசுவோ வேண்டும். ஆந்த்ரகோஃபைப்ரோசிஸில் தெரியும் கரும்படிவும் கேமராவுக்குத்தான் தெரியும். ஒட்டிக்கொண்டிருக்கும் சளியுருண்டை ஸ்கேனில் கட்டிபோலக் காட்சி தரும். நோயாளி நன்றாக இருமிவிட்டு மறுபடி படுத்தால் மறைந்துவிடும். உட்சுவரின் சிவப்பையோ லேசான வீக்கத்தையோ விர்ச்சுவல் பிராங்கோஸ்கோப்பி காட்டாது.

குரல் நாண்கள் தவறான நேரத்தில் மூடிக்கொள்வதாலும் ஆஸ்துமா போன்ற சத்தம் வரும். அது அசைவில் உள்ள கோளாறு. குரல்வளையை நேரடியாகப் பார்த்தும் குரலை மதிப்பிட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். மைசூரில் 1965ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இத்தகைய குரல் கோளாறுகளை மதிப்பிடும் இடங்களில் ஒன்று.

கதிர்வீச்சு பயப்பட வேண்டிய அளவா?

இயற்கையிலிருந்தே நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வருகிறது. முன்புறமும் பக்கவாட்டிலுமாக எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.1 மில்லிசீவர்ட், இரண்டு வாரம் சும்மா இருந்தாலே கிடைக்கும் அளவு. வழக்கமான நெஞ்சு சி.டி. சுமார் 6 மில்லிசீவர்ட். இரண்டரை ஆண்டுக்குச் சமம். காரணம் இருக்கும்போது இது ஏற்கத்தக்க அளவு. காரணம் இல்லாமல் 'எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாம்' என்பதற்கு ஏற்றதல்ல. மூச்சுக்குழாய்க்குள் இருப்பது காற்று, சுற்றிலும் இருப்பது திசு. இரண்டுக்கும் வித்தியாசம் மிக அதிகம் என்பதால் கதிர்வீச்சைக் குறைத்தாலும் குழாயின் வடிவம் தெளிவாகத் தெரியும். மூச்சு விடும்போது எடுக்கும் இரண்டாவது படத்தைப் பல இடங்களில் குறைந்த அளவில்தான் எடுக்கிறார்கள். கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்று தோன்றினாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஸ்கேன் வேண்டும் என்று நீங்களே கேட்டுப்போக வேண்டியதில்லை. டாக்டருக்குச் சந்தேகம் வரத் தேவையான தகவலைக் கொடுப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

இவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: எப்போதாவது வென்டிலேட்டரில் இருந்ததுண்டா, எத்தனை நாள். காசநோய் வந்து போனதா. விறகடுப்பில் எத்தனை ஆண்டு சமைத்தார். சாப்பிடும்போதோ பாக்கு போடும்போதோ பலமாகப் புரையேறியதா. சளியில் ரத்தம் வந்ததா. சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறதா, விடும்போதா. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போங்கள்.

இன்ஹேலர் சரியான முறையில் சில வாரங்கள் எடுத்தும் பலன் இல்லை என்றால், மருந்தை நீங்களாக நிறுத்தாமல், ஸ்பைரோமெட்ரி வளைவின் வடிவத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சி.டி.க்கு எழுதினால், எதைச் சந்தேகப்பட்டு எடுக்கிறார்கள் என்பது சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 'மூச்சுத்திணறல்' என்ற ஒற்றை வார்த்தையைவிட, 'இரண்டு மாதம் முன்பு 15 நாள் வென்டிலேட்டர், இப்போது மூச்சு இழுக்கும்போது சத்தம், டிரக்கியா சுருக்கமா?' என்ற வரி வேறு மாதிரியான ஸ்கேனையும் வேறு மாதிரியான ரிப்போர்ட்டையும் கொண்டுவரும். ஃபிலிமோடு சேர்த்து முழுப் படங்களும் உள்ள சி.டி. தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு டாக்டர் பார்க்கும்போது மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

சும்மா இருக்கும்போதே மூச்சை இழுக்கையில் கரகரவென்று சத்தம், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாவது, சளியோடு அதிக ரத்தம்: இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் தேட வேண்டாம். 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலையில் முதல் வேலை மூச்சு வழியைக் காப்பாற்றுவது. படம் எடுப்பது அதற்கு அடுத்துதான்.